அமெரிக்க வழிகாட்டி தாராவிக்குப் பொருந்துமா?

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பக்கத்தில் கிளினிக் நடத்தும் ஒரு பெண் மருத்துவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பா நடத்திய கிளினிக்கை இப்போது இவர் பார்த்துக்கொள்கிறார். வருகிறவர்களில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பங்கள். மீதிப்பேர் ஜரி, தோல், தையல் பட்டறைகளில் வேலை பார்த்து அங்கேயே படுத்துத் தூங்கும் வடநாட்டுப் பையன்கள். அக்கம்பக்கத்திலுள்ள ஏழு மருத்துவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவது வழக்கம். "ஒரே காய்ச்சல், ஒரே இருமல். ஏழு பேரும் ஏழு விதமாகச் சீட்டு எழுதுகிறோம். நோயாளி இரண்டு சீட்டையும் கெமிஸ்ட்டிடம் நீட்டி, இதில் எது நல்லது என்று கேட்கிறார்" என்கிறார். அதனால் பெரியவர்களுக்கு வரும் நிமோனியாவுக்குப் பொதுவான ஒரு வழிகாட்டி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. இவர் அமெரிக்காவின் 2019 வழிகாட்டியை இறக்கி வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து சண்டை.

குழுவில் மூத்தவர், எல்லாரும் 'பெரிய டாக்டர்' என்று கூப்பிடுகிறவர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்புக்கு எழுதியது. நம்ம ஆளுங்களுக்கு அமாக்சிசிலின் 500 போதும், மூணு நாள் போதும்" என்கிறார். இன்னொருவர், "அமெரிக்காக்காரனே லெவோஃப்ளாக்சசின் எழுதச் சொல்கிறான். தினம் ஒரே மாத்திரை. எல்லாருக்கும் அதையே வைத்துவிடலாம்" என்கிறார். மூன்றாமவர், எழுதி வைத்தால் நாளைக்குக் கோர்ட்டில் நம் கழுத்துக்கே வரும், எதுவும் எழுத வேண்டாம் என்கிறார். இதற்கு நடுவில் ஒரு மருந்து கம்பெனியின் ரெப் வந்து, வழிகாட்டியைப் பளபளவென்று அச்சடித்து லேமினேட் செய்து தருகிறோம், ஓட்டலில் வெளியீட்டு விருந்தும் வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்.

கடிதத்தில் ஒரு நோயாளியின் கதையும் இருக்கிறது. ஜரி வேலை செய்யும் 24 வயதுப் பையன். காய்ச்சல், இருமல் என்று குழுவிலுள்ள ஒருவரிடம் போயிருக்கிறான். லெவோஃப்ளாக்சசின் ஐந்து நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது, வேலைக்கும் போய்விட்டான். சில வாரம் கழித்து, பேன்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்து, இவரிடம் வந்து நின்றான். சளிப் பரிசோதனையில் காசநோய்.

இவர் கேட்பது இதுதான்: பெரிய பெரிய நிபுணர்கள் எழுதியதை ஏழு கிளினிக் டாக்டர்கள் மாற்றலாமா? மாற்றலாம் என்றால் எவ்வளவு? சட்டத்தில் சிக்கல் வருமா? ரெப் சொன்னதை ஏற்கலாமா?

அன்புள்ள டாக்டர்,

மாற்றலாம். சில இடங்களில் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் உங்கள் குழு மாற்ற நினைக்கும் இடமும் மாற்ற வேண்டிய இடமும் வேறு வேறாக இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பதில் நீளப் போகிறது.

ஏற்கெனவே இருக்கும் வழிகாட்டியை எடுத்து உள்ளூருக்கு ஏற்றபடி திருத்துவது ஒன்றும் திருட்டு வேலை இல்லை. அதற்கென்றே 'அடாப்டே' என்ற சர்வதேசக் குழு கையேடு போட்டிருக்கிறது; மூன்று கட்டம், 24 படி. 2017-ல், ஆதாரம் எவ்வளவு உறுதி என்று தரம் பிரிக்கும் 'கிரேடு' குழுவினர் இன்னொரு முறையைக் கொண்டு வந்தார்கள்: ஒரு பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்வதா, திருத்தி எடுத்துக்கொள்வதா, புதிதாக எழுதுவதா என்று ஒவ்வொன்றாக முடிவு செய்யும் முறை. நம் நாட்டிலும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதிக எடைக்கும் உடல் பருமனுக்கும் உலகம் முழுக்க பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 25, 30 என்று கோடு போட்டிருக்க, குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வருவதைப் பார்த்து, 2009-ல் இந்திய நிபுணர்கள் அந்தக் கோடுகளை 23, 25 என்று இறக்கினார்கள். ரத்த அழுத்தத்துக்கான தேசியத் திட்டத்தில் எந்த மருந்தில் தொடங்கி எந்த மருந்துக்குப் போவது என்ற வரிசை மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் வேறுபடும். மகாராஷ்டிரம் அதில் முதலில் சேர்ந்த மாநிலங்களில் ஒன்று. ஆகவே "நாம் யார் மாற்றுவதற்கு" என்ற தயக்கத்தை விட்டுவிடுங்கள்.

அதே சமயம், "நம்ம ஊருக்கு இது சரிப்படாது" என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. எது, ஏன் சரிப்படாது என்று ஒரு வரியில் எழுத முடிந்தால் அது காரணம். இல்லாவிட்டால் பழக்கம்.

உடம்பு சின்னது என்ற வாதம்

பெரிய டாக்டர் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவர் பாதி சரி. அமெரிக்க வழிகாட்டி, வேறு நோய் எதுவும் இல்லாத வெளிநோயாளிக்கு அமாக்சிசிலின் 1 கிராம், நாளைக்கு மூன்று வேளை என்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, தீவிரம் குறைந்த நிமோனியாவுக்கு 500 மில்லிகிராம் மூன்று வேளை, ஐந்து நாள் என்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்கர்களில் பாதி எடை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு குழுக்களும் மருந்தைக் கிருமி எதிர்க்கும் அளவையும் நோயின் தீவிரத்தையும் வேறு வேறு விதமாக எடைபோட்டன, அவ்வளவுதான். ஆகவே 500 என்று எழுத உங்களுக்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் 'நம் ஆட்களின் உடம்பு' என்று எழுதாமல், எந்த வழிகாட்டியை எந்தக் காரணத்துக்காகப் பின்பற்றுகிறோம் என்று எழுதுங்கள்.

மூன்று நாள் என்பதும் அப்படித்தான். அமெரிக்கத் தொராசிக் சொசைட்டி 2025-ல் சில கேள்விகளுக்கு மட்டும் புதுப்பிப்பு வெளியிட்டது. நோயாளி நிலைபெற்றுவிட்டால் ஐந்து நாளுக்குக் குறைவாக, குறைந்தது மூன்று நாளோடு நிறுத்தலாம் என்று அதில் வருகிறது. அது நிபந்தனையோடு கூடிய பரிந்துரை, அதாவது நோயாளியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. (உங்கள் குழுவில் சுற்றுவது 2019 பிரதி மட்டும்தான் என்று நினைக்கிறேன். எதையும் திருத்துவதற்கு முன் இப்போது நடப்பில் இருப்பது எது என்று பாருங்கள்.) மூன்றாம் நாள் நோயாளியைத் திரும்ப வரச் சொல்லி, காய்ச்சல் விட்டதா, மூச்சு சீரானதா, சாப்பிடுகிறாரா என்று பார்த்துவிட்டு நிறுத்துவது ஒன்று. கையில் காசு இல்லை என்று மூன்று நாளுக்கு மட்டும் சீட்டு எழுதி அனுப்பிவிட்டு, அவர் என்ன ஆனார் என்றே தெரியாமல் இருப்பது இன்னொன்று. தாராவியில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது. அது வறுமைக்குத் தக்க ஏற்பாடு; அதற்கு வழிகாட்டி என்று பெயர் வைக்கக் கூடாது. காசுதான் பிரச்சினை என்றால் மருந்தின் அளவைத் தொடாதீர்கள். பிராண்டை மாற்றுங்கள், ஜெனரிக் எழுதுங்கள், மாநகராட்சி டிஸ்பென்சரிக்கு அனுப்புங்கள்.

லெவோஃப்ளாக்சசின்

உங்கள் கடிதத்தின் கனமான பகுதி இதுதான், அந்த ஜரிப் பையனால்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அமெரிக்க வழிகாட்டி எல்லாருக்கும் லெவோஃப்ளாக்சசின் எழுதச் சொல்லவில்லை. இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ உள்ளவர்களுக்கு, இரண்டு மருந்து சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு மாற்றாக, அதைத் தனியாகத் தரலாம் என்கிறது. உங்கள் நண்பர் அட்டவணையின் கீழ்ப்பாதியைப் படித்துவிட்டு மேல்பாதிக்கும் அதையே வைத்துக்கொண்டார். 24 வயதில், வேறு நோய் எதுவும் இல்லாத அந்தப் பையன் மேல்பாதியில் வருகிறவன்.

இரண்டாவது, அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் இருக்கும் ஊர். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 3 பேருக்குக் காசநோய் வருகிறது. இந்தியாவில் அது 190 அளவில் இருக்கிறது. பத்துப் பேர் ஒரே அறையில் வேலை செய்து, அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கும் பட்டறையில் நிலைமை என்ன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவர் முன்னால் வருகிற இருமலும் காய்ச்சலும் காசநோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்த நம்பிக்கை அந்த ஊரில் நியாயமானது, அதனால் அட்டவணையில் அதை எழுதி வைக்கவில்லை. நீங்கள் அந்த அட்டவணையை இங்கே கொண்டு வரும்போது, எழுதப்படாத அந்த நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது.

லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் தாக்கும். ஐந்து நாள் கொடுத்தால் கிருமி அடங்கும், ஆனால் அழியாது. காய்ச்சல் விடும், பையன் வேலைக்குப் போவான், அந்தச் சில வாரங்களில் பக்கத்தில் படுப்பவனுக்கும் பரப்புவான். சளியில் கிருமி தெரிவதும் தள்ளிப்போகும். போதாக்குறைக்கு, இந்த வகை மருந்துக்கே கட்டுப்படாத கிருமிகள் தலையெடுக்கவும் இடம் கொடுக்கிறோம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு நம்மிடம் இருக்கும் சிகிச்சையில் இந்த வகை மருந்துகள் முக்கியமான தூண். அந்த வகைக் காசநோய் மும்பையில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் யோசித்து, இந்தியாவின் இரண்டு நெஞ்சக நோய் அமைப்புகள் 2012-லேயே ஒரு கூட்டு நிமோனியா வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. அதில் லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளை ஆரம்பச் சிகிச்சைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போவதற்கு முன் சண்டிகரையும் டெல்லியையும் எட்டிப் பார்த்திருக்கலாம், டாக்டர். கோபித்துக்கொள்ள வேண்டாம், இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்காதான். அந்த இந்திய வழிகாட்டியும் இப்போது பழசாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் வேலை ஒன்றை விட்டு மற்றதைப் பிடிப்பதில் முடியாது. புதிய ஆதாரங்களை வெளியிலிருந்தும், காசநோய் பற்றிய கணக்கை உள்ளிருந்தும் எடுத்து, ஒரு பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் என் கை போடும் முதல் வரி மருந்துப் பெயராக இருக்காது. இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரம் தாண்டியிருந்தால், எடை குறைந்திருந்தால், பட்டறையிலோ வீட்டிலோ யாருக்காவது காசநோய் இருந்தால், ஆன்டிபயாட்டிக் எழுதும் அன்றைக்கே சளிப் பரிசோதனைக்கு அனுப்பு. தேசியக் காசநோய்த் திட்டத்தில் அது இலவசம், தனியார் கிளினிக்கிலிருந்து போகிறவர்களுக்கும் சேர்த்து. காசநோய் என்று உறுதியானால் அரசுக்குத் தெரிவிப்பது 2012-லிருந்து கட்டாயம் என்பதையும் அதே வரியில் போட்டுவிடுங்கள். குழுவில் எத்தனை பேர் அதற்கான அரசின் நிக்ஷய் தளத்தில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அடுத்த ஞாயிறு சும்மா கேட்டுப் பாருங்கள்.

ஒரே மருந்து, இரண்டு ஊர்க் கணக்கு

அசித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடு வகை மருந்துகள் விஷயத்தில் அமெரிக்க வழிகாட்டியே உள்ளூரைப் பார்க்கச் சொல்கிறது. நிமோனியாக் கிருமியில் இந்த மருந்துக்கு எதிர்ப்பு 25 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் இடங்களில் மட்டும் அசித்ரோமைசினைத் தனியாகக் கொடு என்பது அதன் நிபந்தனை. நம் பகுதியில் தொண்டை கரகரத்தாலே அசித்ரோமைசின் மூன்று மாத்திரை அட்டையைக் கெமிஸ்ட்டே எடுத்துக் கொடுக்கிறார். அந்த 25 சதவீதத்தை நாம் தாண்டியிருக்கிறோமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சயான் ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் துறையிலோ கேஇஎம்மிலோ கேட்டுப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பு வருடாவருடம் வெளியிடும் அறிக்கையையும் புரட்டுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: பெரிய ஆஸ்பத்திரியின் எண்கள், நாலு இடத்தில் மருந்து சாப்பிட்டு முற்றிய பிறகு வந்து படுத்தவர்களின் எண்கள். உங்கள் கிளினிக் வாசலில் முதல் நாள் இருமிக்கொண்டு நிற்பவரின் கிருமி அவ்வளவு மோசமாக இருக்காது. அந்த எண்ணை மேல் வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கண்ணோடு மற்ற நோய்களையும் பாருங்கள். தொண்டை வலிக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமலே பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று பிரிட்டன் வழிகாட்டி சொல்வது உண்மை. தொண்டைத் தொற்றுக்குப் பிறகு வந்து இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் அங்கே அரிது என்பதும் அதன் பின்னால் நிற்கிறது. நம் குழந்தைகளில் இதய வால்வு கெட்டு சயான் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்காக எல்லாத் தொண்டைக்கும் மருந்து கொடு என்று சொல்லவில்லை. எந்தக் குழந்தைக்குக் கொடுப்பது என்ற கோடு இங்கே வேறு இடத்தில் விழும் என்கிறேன். மழைக்காலம் இன்னொன்று. 2005 ஜூலை 26-ல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய பிறகு எலிக்காய்ச்சல் என்ன செய்தது என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பார். இன்றைக்கும் வெள்ளம் வந்தால், தண்ணீரில் நடந்தவர்களை அபாயத்துக்குத் தக்கபடி பிரித்து டாக்சிசைக்ளின் கொடுக்கச் சொல்லி மாநகராட்சி அறிவிப்பு விடுகிறது. எந்த வெளிநாட்டு நிமோனியா வழிகாட்டியிலும் இது இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் காய்ச்சல்-இருமலுக்கு மலேரியா ஸ்மியர், டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றையும் நினைவுபடுத்தும் ஒரு கட்டம் உங்கள் பக்கத்தில் வேண்டும்.

தொடக் கூடாதது

அனுபவம் எங்கே பேசலாம் என்பதில் உங்கள் குழு குழம்புகிறது. ஒரு மருந்து வேலை செய்கிறதா, என்ன பக்கவிளைவு என்பது ஆய்வுகள் சொல்ல வேண்டிய விஷயம். "என் கையில் நூறு பேருக்கு நன்றாகிவிட்டது" என்பது அங்கே செல்லாது. பெரும்பாலான இருமல் தானாகவே போகிறது, நாம் பெயர் வாங்கிக்கொள்கிறோம். ஆனால் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எத்தனை பேர் எடுப்பார்கள், மூன்று வேளை மாத்திரையில் மதிய வேளையை யார் தவறவிடுவார்கள், ஊசி போடாத டாக்டரிடம் திரும்ப வருவார்களா என்பதெல்லாம் எந்த ஆய்வையும்விட உங்களுக்குத்தான் தெரியும். அங்கே பெரிய டாக்டரின் பேச்சுக்கு மேல் பேச்சில்லை.

அதனால் எக்ஸ்ரேயையே எடுத்துக்கொள்ளுங்கள். நிமோனியா என்று சொல்ல எக்ஸ்ரே வேண்டும் என்பது புத்தகம். உங்கள் நோயாளிக்கு அது அரைநாள் கூலியும் ஒரு சாயங்காலமும். 'எக்ஸ்ரே எடுக்க வேண்டும்' என்று எழுதி, யாரும் எடுக்காமல் போனால் அந்த வரி வெறும் அலங்காரம். 'இன்ன இன்னவர்களுக்குக் கட்டாயம். மற்றவர்களுக்கு மூன்றாம் நாள் குறையாவிட்டால்' என்று எழுதினால் அது நடக்கும். தீவிரத்தை அளக்க ரத்த யூரியா கேட்கும் கணக்குக்குப் பதிலாக சிஆர்பி-65 வைத்துக்கொள்ளுங்கள்: குழப்பம், நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, குறைந்த ரத்த அழுத்தம், 65 அல்லது அதற்கு மேல் வயது. எல்லாம் மேஜையிலேயே முடிகிறது. கோவிட்டுக்குப் பிறகு ஆக்சிமீட்டர் இல்லாத கிளினிக் கிடையாது, அதையும் சேருங்கள்.

கோர்ட் பயம்

நான் வக்கீல் இல்லை. பொதுவாக ஒரு மருத்துவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். வழிகாட்டி சட்டம் ஆகாது. நியாயமான ஒரு மருத்துவக் கருத்துப் பிரிவு ஏற்கும் முறையில் நடந்தாரா என்பதுதான் 1957-ல் பிரிட்டனின் போலம் வழக்கிலிருந்து வந்த அளவுகோல். 2005-ல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை இங்கே உறுதிப்படுத்தியது. கிரிமினல் வழக்கு என்றால் மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நுகர்வோர் மன்றம் தனி. கட்டணம் வாங்கும் மருத்துவர் 1995-லிருந்து அதன் வரம்பில் வந்துவிட்டார்.

எழுதாமல் இருந்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு. எழுதாவிட்டாலும் எதிர்த் தரப்பு வக்கீல் அமெரிக்க வழிகாட்டியையும் இந்திய வழிகாட்டியையும் கொண்டு வந்து நீட்டுவார். அப்போது நீங்கள் ஏன் விலகினீர்கள் என்பதற்கு உங்களிடம் ஒரு காகிதமாவது இருக்க வேண்டும். நிஜமான ஆபத்து வேறு: எழுதி, கையெழுத்துப் போட்டு, சுவரில் மாட்டிவிட்டு, அதன்படி நடக்காமல் இருப்பது. ஆகவே நடத்த முடியாத எதையும் எழுதாதீர்கள். குறிப்பிட்ட நோயாளிக்கு விலக வேண்டியிருந்தால், 'கர்ப்பிணி, அதனால் டாக்சிசைக்ளின் தவிர்த்தேன்' என்ற மாதிரி கேஸ் பேப்பரில் ஒரு வரி போதும்.

குழுவில் ஒருவர் ஹோமியோபதி படித்தவர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது போகிற போக்கில் விடுகிற விஷயம் இல்லை. மும்பை வழக்கு ஒன்றிலேயே, ஹோமியோபதி மருத்துவர் அலோபதி மருந்து கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1996-ல் கவனக்குறைவு என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு மகாராஷ்டிரம் தனிப் படிப்பு ஒன்றை ஏற்படுத்தி விதிகளை மாற்றப் பார்த்தது. அதைச் சுற்றி வழக்கும் போராட்டமும் ஓயவில்லை. உங்கள் பக்கத்தில் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்றால், அவர் எந்த வரிகளை எழுதலாம் என்று ஒரு வக்கீலிடம் தனியாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள். முடிவு வரும்வரை, யாரை எப்போது அனுப்ப வேண்டும் என்ற பகுதி அவருக்கு முழுக்கப் பொருந்தும். அது ஒன்றும் சின்ன வேலை இல்லை.

விருந்து வேண்டாம்

ரெப்புக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். மருந்து கம்பெனியிடம் பரிசும் விருந்தோம்பலும் வாங்கக் கூடாது என்று 2002 மருத்துவ ஒழுக்க விதிகளில் 2009-ல் சேர்த்த பிரிவு தெளிவாக இருக்கிறது. 2024-ல் அரசு கம்பெனிகளுக்கும் ஒரு நடத்தை விதித்தொகுப்பைக் கொண்டு வந்தது. விதியை விடுங்கள். அந்தக் கம்பெனி எந்த ஆன்டிபயாட்டிக்கை விற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன். ஏழு பேர் ஒரு பக்கத்தை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்ய ஆகும் செலவு, ஞாயிற்றுக்கிழமை வடை டீயைவிடக் குறைவு.

பதிப்புரிமையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீடுகளில் பெரும்பாலானவற்றை, வணிக நோக்கமில்லாமல், அவர்களின் முத்திரை போடாமல், இது எங்கள் திருத்தம் என்ற குறிப்போடு மாற்றி வெளியிடலாம். நைஸ் அப்படியில்லை, பிரிட்டனுக்கு வெளியே என்றால் அனுமதி கேட்க வேண்டும். அமெரிக்க அட்டவணையை அப்படியே படம் பிடித்து ஒட்டாதீர்கள். உங்கள் வார்த்தையில் எழுதி, எங்கிருந்து எடுத்தது என்று ஆண்டோடு குறிப்பிடுங்கள். தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் நோயாளிக்கான தாள் போட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் கடைசியில். மொழி மாற்றியதாலேயே பரிந்துரை உள்ளூருக்கு ஏற்றதாகிவிடாது.

எப்படித் தொடங்குவது

24 படியையும் ஏறப் பார்த்தால் இரண்டாம் மாதமே குழு கலைந்துவிடும். ஒரே கேள்வியோடு தொடங்குங்கள்: 18 வயதுக்கு மேற்பட்டவர், நடந்து வந்தவர், காய்ச்சலும் இருமலும், நிமோனியா சந்தேகம், கிளினிக்கில் முதல் நாள் என்ன செய்வது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இப்போதைக்கு வேண்டாம்.

அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா மூன்றையும் மேஜையில் வையுங்கள். ஒவ்வொன்றின் தரத்தையும் அளக்க 'அக்ரீ 2' என்ற கருவி இருக்கிறது. ஆறு பிரிவில் 23 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் நாலு பேர் தனித்தனியாகப் போட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதாமல். எல்லாவற்றையும் போட நேரமில்லையா? ஆதாரத்தை எப்படித் திரட்டினார்கள் என்ற பிரிவையும், பணம் யார் கொடுத்தார்கள் என்ற பிரிவையும் மட்டுமாவது போடுங்கள். பெரிய பெயருள்ள வழிகாட்டி இரண்டாவதில் சறுக்குவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

அப்புறம் ஒரு நோட்டில் நாலு பத்தி போடுங்கள்: மூலப் பரிந்துரை, அதன் ஆதாரம் எவ்வளவு உறுதி, நாங்கள் எடுத்தது, மாற்றியிருந்தால் ஏன். உறுதியான பரிந்துரையை மாற்ற வலுவான காரணம் வேண்டும். நிபந்தனையோடு கூடியதை மாற்ற இடம் அதிகம். லெவோஃப்ளாக்சசின் வரி இதற்கு நல்ல பரீட்சை. சர்க்கரையோ இதய நோயோ உள்ளவர்களுக்கு அமெரிக்கா அதை உறுதியாகவே பரிந்துரைக்கிறது. நீங்கள் அதை விலக்கினால், காசநோய் என்ற வலுவான காரணம் உங்களிடம் இருக்கிறது. எழுதுங்கள், தேதி போடுங்கள், ஏழு பேரும் ஒப்பமிடுங்கள். நுரையீரல் நிபுணர் ஒருவர், நுண்ணுயிரியல் துறையிலிருந்து ஒருவர், காசநோய்த் திட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் என்று குழுவுக்கு வெளியே மூன்று பேரிடம் காட்டுங்கள். பக்கத்துக் கெமிஸ்ட்டிடமும் காட்டுங்கள். நீங்கள் எழுதிய மருந்து அவர் கடையில் இருக்கிறதா என்று அவர் ஒருவர்தான் சொல்வார்.

பெரிய டாக்டரை எதிர்த்து ஓட்டெடுப்பு வைக்காதீர்கள். வரைவை அவரிடம் கொடுத்து, "இந்தப் பக்கம் எந்த நோயாளிக்குப் பொருந்தாது என்று மட்டும் குறித்துக் கொடுங்கள், சார்" என்று கேளுங்கள். இத்தனை வருடம் தாராவியில் உட்கார்ந்தவர், நிச்சயம் பத்துப் பேரைக் குறிப்பார். அதில் நாலாவது உங்களுக்குத் தோன்றியிருக்காது. மறு ஆய்வை வருடாவருடம் மே மாதத்தில், மழைக்கு முன் வையுங்கள்.

அந்த ஜரிப் பையனோடு ஒரே அறையில் தூங்கியவர்களைப் பரிசோதித்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. வழிகாட்டிக்குக் காத்திருக்காமல் அதை இந்த வாரமே செய்துவிடுங்கள். பக்கம் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்லியிருக்கிறீர்களா, பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிறீர்களா என்று முதலில் அதைத்தான் தேடுவேன்.